ஒரு மைதானம், இரண்டு உள்ளூர் அணிகள்: ரிக்வுட் ஃபீல்டு அன்றும் இன்றும்

அமெரிக்காவில் இன்றும் நிற்கும் தொழில்முறை பேஸ்பால் மைதானங்களில் மூத்தது எது என்று கேட்டால், பலரும் பாஸ்டனின் ஃபென்வே பார்க்கைச் சொல்வார்கள். சிலர் சிகாகோவின் ரிக்லி ஃபீல்டைச் சொல்வார்கள். முன்னது 1912-இல் திறக்கப்பட்டது, பின்னது 1914-இல். இரண்டுக்கும் மூத்தது ஒன்று உண்டு. அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில், மேற்குப் பகுதியின் குடியிருப்புகளை ஒட்டி நிற்கும் ரிக்வுட் ஃபீல்டு அது. திறந்த நாள் 1910 ஆகஸ்ட் 18.

மேஜர் லீக் என்னும் உச்ச நிலை அணி எதுவும் அங்கே குடியிருந்ததில்லை, அது மைனர் லீக் மைதானம்தான் என்று நூறாண்டுக்கும் மேலாகச் சொல்லிவந்தார்கள். அது உண்மையல்ல என்று 2020 டிசம்பரில்தான் மேஜர் லீக் நிர்வாகமே ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதலுக்குப் பின்னால் இருப்பது ஒரே மைதானத்தில் இரண்டு அணிகள் வாழ்ந்த கதை. ஓர் அணி அங்கே வீட்டுக்காரராக இருந்தது, மற்றது வாடகைக்கு வந்துபோனது. எது பெரிய அணி என்ற கேள்விக்கு அன்று சொன்ன விடையும் இன்று சொல்லும் விடையும் ஒன்றல்ல.

இரும்பு முதலாளி கட்டிய மைதானம்

பர்மிங்காம் 1871-இல்தான் ஊரானது. இரும்புத் தாது, நிலக்கரி, சுண்ணாம்புக்கல் என இரும்பு உருக்கத் தேவையான மூன்றும் ஒரே வட்டாரத்தில் கிடைத்ததால் உலைகள் எழுந்தன. ஊர் வளர்ந்த வேகத்தைப் பார்த்து அதை மாய நகரம் என்றே அழைத்தார்கள். சுரங்கத்துக்கும் உலைக்கும் ஆள் தேவைப்பட, பஞ்சு வயல்களை விட்டு வெள்ளையரும் கறுப்பினத்தவரும் வந்து குவிந்தனர். ஊரில் இருந்த பேஸ்பால் அணிக்குப் பெயரே கோல் பேரன்ஸ், அதாவது நிலக்கரிப் பிரபுக்கள். பிறகு வெறும் பேரன்ஸ் ஆயிற்று.

அந்த அணியை 1910-இல் வாங்கியவர் ஆலன் ஹார்வி வுட்வர்ட். இரும்பு உருக்கும் குடும்பத்தின் பிள்ளை, ஊராருக்கு 'ரிக்'. மரப்பலகையால் கட்டிய மைதானங்கள் தீக்கு இரையாகிக்கொண்டிருந்த காலம் அது. முந்தைய ஆண்டு பிட்ஸ்பர்க்கில் ஃபோர்ப்ஸ் ஃபீல்டும் ஃபிலடெல்ஃபியாவில் ஷைப் பார்க்கும் கான்கிரீட்டும் எஃகுமாக எழுந்திருந்தன. மைனர் லீக் ஊர் ஒன்றுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று வுட்வர்ட் ஆசைப்பட்டார். களத்தை எப்படி அமைப்பது என்று ஃபிலடெல்ஃபியா அணியின் புகழ்பெற்ற மேலாளர் கோனி மேக்கிடமே ஆலோசனை கேட்டார். பெயர் வைக்க ரசிகர்களுக்குப் போட்டி நடந்தது. அதில் வென்ற பெயர்தான் ரிக்வுட்.

திறப்பு நாளில் ஊரின் கடைகள் மூடிக்கிடந்தன. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். மாண்ட்கோமரி அணியை பேரன்ஸ் 3-2 என்று வென்றது. 1928-இல் ஸ்பானிய மிஷன் பாணி முகப்பு வந்தது. இளவண்ணச் சுவரும் வளைவுகளும் கொண்ட அந்த வாசலைத்தான் இன்றும் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். 1936-இல் இரவு ஆட்டத்துக்கு விளக்குகள் வந்தன. கூரைக்கு மேலே நின்று களத்தின் பக்கம் நீளும் எஃகுக் கோபுரங்கள் அவை. 1931-இல் தென்மாநில லீக்குகளின் சாம்பியன்கள் மோதிய டிக்ஸி தொடரின் முதல் ஆட்டத்தில், ஹூஸ்டனின் இளம் புயல் டிஸ்ஸி டீனை, 43 வயது ரே கால்டுவெல் 1-0 என்று அடக்கியது பேரன்ஸ் ரசிகர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன கதை.

இது வீட்டுக்கார அணியின் வரலாறு. மைதானத்தைப் பற்றிய பழைய பெருமைப் பேச்சு பெரும்பாலும் இத்தோடு நின்றுவிடும்.

வாடகைக்கு வந்த அணி

அதே உலைகளிலும் குழாய் ஆலைகளிலும் வேலைபார்த்த கறுப்பினத் தொழிலாளர்களும் பேஸ்பால் ஆடினார்கள். ஆலை நிர்வாகங்களே அணிகளை நடத்தின. அமெரிக்கன் காஸ்ட் அயர்ன் பைப் கம்பெனியின் கறுப்பின அணி அவற்றில் பேர்பெற்றது. அந்த ஆலை லீக்கிலிருந்துதான் 1920-இல் பர்மிங்காம் பிளாக் பேரன்ஸ் பிறந்தது. பேரன்ஸ் வெளியூர் போயிருக்கும் நாட்களில், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில், ரிக்வுட்டை வாடகைக்கு எடுத்து ஆடியது.

ஞாயிறு என்றால் காலையில் தேவாலயம், மதியம் ரிக்வுட். ஆராதனைக்கு உடுத்திய நல்ல உடுப்போடும் தொப்பியோடும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். அந்த ஒருநாள் மட்டும் உட்காரும் இடம் தலைகீழாகும். பேரன்ஸ் ஆடும்போது கறுப்பின ரசிகர்களுக்கு வலப்புறக் கோடியில் கூரையில்லாத வரிசை மட்டும். வெயிலோ மழையோ, அங்கேதான் இருக்க வேண்டும். பிளாக் பேரன்ஸ் ஆடும்போது கூரையுள்ள நல்ல இருக்கைகள் அவர்களுடையவை. பார்க்க வரும் வெள்ளையர் ஒதுக்கிய பகுதியில் இருப்பார்கள். அன்றைய பர்மிங்காமில் ஒரு கறுப்பினக் குடும்பம் ஊரின் சிறந்த கட்டடம் ஒன்றில் நடுநாயகமாக உட்கார முடிந்த அபூர்வமான வாய்ப்புகளில் ஒன்று அது.

ஆட்டமும் அதற்கேற்ற ஆட்டம்தான். 1927 முதல் 1930 வரை இங்கே பந்து வீசியவர் சாட்செல் பெய்ஜ். உலகம் கண்ட மிகச் சிறந்த பிட்சர்களில் ஒருவராக எண்ணப்படுபவர். 1943, 1944, 1948 என மூன்று முறை பிளாக் பேரன்ஸ், கறுப்பின அணிகளுக்கென இருந்த நீக்ரோ அமெரிக்கன் லீக்கின் பட்டத்தை வென்றது. மூன்று முறையும் நீக்ரோ உலகத் தொடரில் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியிடம் தோற்றது. 1948-இல் நடந்ததே அந்த உலகத் தொடரின் கடைசி.

அந்தக் கடைசி ஆண்டின் ஆட்டக்காரரும் மேலாளருமாக இருந்தவர் லொரென்சோ டேவிஸ். பைப்பர் என்ற சுரங்க ஊரில் பிறந்ததால் பைப்பர் டேவிஸ். ஆலை அணியில் ஆடி வளர்ந்தவர். தன்னோடு ஆலை லீக்கில் ஆடிய ஒருவரின் மகனை அவர் அணிக்குள் கொண்டுவந்தார். பையனுக்கு 17 வயது, உயர்நிலைப் பள்ளி மாணவன். பள்ளி நடக்கும் மாதங்களில் வாரக்கடைசி ஆட்டங்களுக்கு மட்டுமே வருவான். அவன்தான் வில்லி மேஸ். 1948 உலகத் தொடரில் பிளாக் பேரன்ஸ் வென்ற ஒரே ஆட்டம் ரிக்வுட்டில் நடந்த மூன்றாவது ஆட்டம். கடைசி இன்னிங்ஸில் வெற்றி ஓட்டத்தைக் கொண்டுவந்த அடி அந்தப் பள்ளி மாணவனுடையது. 1950-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. மேஜர் லீக்கில் 660 ஹோம் ரன் அடித்து, நடுக்களத்தின் அரசனாக நின்று, ஆட்டத்தின் முழுமைக்கே அவர் இலக்கணமானார்.

அவரை வார்த்த பைப்பர் டேவிஸுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. 1950-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் நிர்வாகம் ஒப்பந்தம் செய்த முதல் கறுப்பின வீரர் அவர். கீழ்நிலை அணியில் நன்றாக ஆடிக்கொண்டிருந்தபோதே சில வாரங்களில் விடுவித்துவிட்டார்கள். மேஜர் லீக் களத்தில் ஒருநாளும் அவர் கால் பதிக்கவில்லை.

பந்துக்கும் சட்டம்

பிரிவினை பழக்கமாக மட்டும் இருக்கவில்லை, எழுத்தில் இருந்தது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து சீட்டு, பகடை, டொமினோ, பேஸ்பால், கால்பந்து, கூடைப்பந்து எதையும் ஆடக் கூடாது என்று பர்மிங்காம் நகரச் சட்டம் விளையாட்டுகளைப் பேர்சொல்லிப் பட்டியலிட்டது. 1954 தொடக்கத்தில் நகர ஆட்சிக் குழு இதைக் கொஞ்சம் தளர்த்தியது. மே மாதத்தில், பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூன் மாதம் நகர வாக்காளர்கள் வாக்கெடுப்பில் அந்தத் தடையைத் திரும்பக் கொண்டுவந்தனர்.

அந்த நகரத்தின் காவல் துறைக்குப் பொறுப்பாக இருந்தவர் யூஜீன் 'புல்' கானர். 1963-இல் உரிமை கேட்டு ஊர்வலம் வந்த சிறுவர்கள் மீது தீயணைப்புக் குழாய் நீரையும் நாய்களையும் ஏவியதால் உலகமே அறிந்த பெயர். அவரை அரசியலுக்குத் தூக்கிவிட்டது பேஸ்பால்தான். தந்தியில் வரும் குறிப்புகளை வைத்துக்கொண்டு, நேரில் பார்ப்பதுபோல் பேரன்ஸ் ஆட்டங்களை வானொலியில் வர்ணித்துப் புகழ் சேர்த்தவர் அவர். ரிக்வுட்டை நேசித்தவர்கள் எல்லாருமே நல்லவர்கள் என்ற கற்பனைக்கு இடமில்லை. ஒரே மைதானம் வில்லி மேஸையும் தந்தது, புல் கானரையும் தந்தது.

பிடிவாதத்துக்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. மேஜர் லீக் அணிகள் தங்கள் இளம் வீரர்களை மைனர் லீக் அணிகளுக்கு அனுப்பித்தான் பழக்குகின்றன. அவர்களில் கறுப்பின வீரர்கள் பெருகியபின், அவர்களை ஆடவிடாத ஊருக்கு யார் அனுப்புவார்கள்? கடைசிவரை நிற வேலியை எடுக்காத சதர்ன் அசோசியேஷன் லீக் 1961-ஓடு கலைந்தது. அடுத்த இரண்டு கோடைகளும் பேரன்ஸ் இல்லை. பிளாக் பேரன்ஸும் அந்த 1960களின் தொடக்கத்தில் மறைந்தது. கறுப்பினத்தவருக்கு மேஜர் லீக்கின் வாசல் திறந்ததும் நல்ல வீரர்கள் அங்கே போனார்கள், ரசிகர்களும் அவர்கள் பின்னால் போனார்கள். நீதி கிடைத்த வழியிலேயே ஒரு சமூகம் தானே கட்டி வளர்த்த நிறுவனம் கரைந்துபோனது. இந்த இழப்பைச் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

1964: ஒரே டக்அவுட்

1963 செப்டம்பர் 15. பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வெடித்த குண்டுக்கு நான்கு சிறுமிகள் பலியானார்கள். ஏழே மாதத்தில் அதே ஊரில், ரிக்வுட்டில், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே சீருடையில், வீரர்கள் அமரும் டக்அவுட்டில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். கன்சாஸ் சிட்டி அத்லெடிக்ஸ் அணியின் உரிமையாளர் சார்லி ஃபின்லி பர்மிங்காம்காரர். தன் இளம் வீரர்களைக் கொண்டு 1964-இல் பேரன்ஸை உயிர்ப்பித்தவர் அவர். இருக்கைகளில் இருந்த பிரிவினையும் போயிற்று. குடியுரிமைச் சட்டம் கையெழுத்தானது அந்த ஆண்டு ஜூலையில்தான். மைதானத்தின் வாசல் சில வாரங்கள் முன்னதாகவே திறந்துவிட்டது.

மைதானத்துக்கு வெளியே ஊர் அவ்வளவு சீக்கிரம் மாறிவிடவில்லை. 1967-இல் இங்கே ஆடிய ரெஜி ஜாக்சனுக்கு உணவகங்கள் சோறு போட மறுத்தன, விடுதிகள் இடம் தர மறுத்தன. சக வீரர் ஜோ ரூடியும் மனைவியும் தங்கள் வீட்டு சோபாவில் அவரைப் படுக்கவைத்தார்கள். கட்டடத்தையே கொளுத்துவோம் என்று மிரட்டல் வரும்வரை அது நடந்தது. 57 ஆண்டுகள் கழித்து, ரிக்வுட்டில் நின்று, தொலைக்காட்சி நேரலையில் அவர் இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். வெள்ளையரான அந்தச் சக வீரர்களும் மேலாளரும் துணை நிற்காவிட்டால் தான் அந்த ஆண்டைத் தாண்டியிருக்க முடியாது என்றார். விழா மேடையில் இனிப்பான நினைவுகளை எதிர்பார்த்தவர்களுக்கு அவர் உண்மையைக் கொடுத்தார். அந்தப் பேச்சை, மைதானத்துக்கு இதுவரை கிடைத்த ஆகப்பெரிய மரியாதையாக நான் நினைக்கிறேன்.

வீட்டுக்காரர் காலி செய்த வீடு

1960-இல் பர்மிங்காமின் மக்கள்தொகை 3.4 லட்சம், 2020-இல் 2 லட்சம். உலைகள் அணைந்தன. வெள்ளையரில் பெரும்பகுதியினர் புறநகருக்குக் குடிபெயர்ந்தனர். அணியும் கூட்டத்தின் பின்னால் போயிற்று. 1987-இல் ரிக்வுட்டில் கடைசி முழுப் பருவம், சதர்ன் லீக் பட்டத்தோடு. 1988 முதல் பேரன்ஸ் ஆடியது ஹூவர் என்ற புறநகரின் புது அரங்கில், கார் நிறுத்த விரிந்த இடத்தோடு. கூடைப்பந்தை விட்டுவிட்டு வந்த மைக்கேல் ஜோர்டன் 1994-இல் பேரன்ஸுக்கு ஆடியதும் அங்கேதான். அவரது பேட்டிங் சராசரி .202. உலகமே பர்மிங்காம் பேரன்ஸ் என்ற பெயரை அறிந்த அந்தக் கோடையில் ரிக்வுட் பேரன்ஸ் இல்லாமல் கிடந்தது.

2013-இல் சக்கரம் மறுபடி சுழன்றது. நகர மையத்துக்கு மீண்டும் உயிர் கொடுக்க நினைத்தவர்கள் ரயில்ரோடு பார்க் பூங்காவுக்கு எதிரே 8,500 பேர் அமரும் ரீஜன்ஸ் ஃபீல்டைக் கட்டினார்கள். பேரன்ஸ் ஊருக்குள் திரும்பியது. இன்று அது சிகாகோ வைட் சாக்ஸின் இரண்டாம் படி அணி. பக்கத்திலேயே 2015-இல் நீக்ரோ சதர்ன் லீக் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

அணி போன மைதானங்களை அமெரிக்க ஊர்கள் இடித்துவிடுவதே வழக்கம். வுட்வர்ட் பார்த்துப் பொறாமைப்பட்ட ஃபோர்ப்ஸ் ஃபீல்டும் ஷைப் பார்க்கும் 1970களில் மண்ணாயின. அவற்றைப் பார்த்துச் செய்த சின்ன ஊர் மைதானம் மட்டும் தப்பியது. மைதானம் நகர நிர்வாகத்தின் உடைமை. பள்ளி, கல்லூரி அணிகள் அங்கே ஆடிக்கொண்டே இருந்தன. 1992-இல் ஊர்க்காரர்கள் சேர்ந்து 'ரிக்வுட் நண்பர்கள்' அமைப்பைத் தொடங்கி, நிதி திரட்டிக் கூரையையும் இருக்கைகளையும் பழுது பார்த்தார்கள். 1996 முதல் 'ரிக்வுட் கிளாசிக்' என்ற பெயரில் பேரன்ஸ் பழங்காலச் சீருடையில் இங்கே வந்து ஓர் ஆட்டம் ஆடும் வழக்கம் உண்டானது. பெரிய அணி இல்லாததால் பெரிய பணம் வரவில்லை. பெரிய பணம் வராததால் சொகுசு அறைகளோ ராட்சதத் திரையோ கட்ட யாரும் பழையதை இடிக்கவில்லை. ரிக்வுட் ரிக்வுட்டாகவே எஞ்சியது இப்படித்தான்.

ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். களத்தின் ஓரத்துப் பழைய பாணி விளம்பரங்களையும் கையால் எண் மாற்றும் ஸ்கோர் பலகையையும் கண்டு மெய்சிலிர்ப்பவர்கள் உண்டு. அவற்றில் ஒரு பகுதி 1994-இல் வந்த 'காப்' திரைப்படத்துக்காகப் பழைய மாதிரியில் செய்யப்பட்டது. அழகான பழமையை இப்படி மறுபடி செய்துவிட முடியும். ஒதுக்கப்பட்ட அந்த வலப்புறக் கோடியை அப்படிச் செய்துகாட்ட எந்தப் படக்குழுவும் வராது. எடுத்துச் சொல்லும் பொறுப்பு நம்முடையது.

2024 ஜூன்: ஒப்புதலைக் கொண்டாடிய வாரம்

1920 முதல் 1948 வரையிலான நீக்ரோ லீக்குகள் ஏழும் மேஜர் லீக் தரத்தவையே என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. 2024 மே மாதத்தில் அந்த ஆட்டங்களின் கணக்குகள் அதிகாரபூர்வ ஏட்டில் சேர்ந்தன. வில்லி மேஸின் வெற்றிகரமான அடிகள் 3,283-இலிருந்து 3,293 ஆயின. கூடிய பத்தும் அந்த 17 வயதுப் பையன் 1948-இல் பிளாக் பேரன்ஸுக்காக அடித்தவை.

அடுத்த மாதம் மேஜர் லீக் ரிக்வுட்டுக்கு வந்தது. களமும் டக்அவுட்டுகளும் புதுப்பிக்கப்பட்டன. ஜூன் 18 அன்று முன்னோட்டமாகப் பேரன்ஸ் ஆடியது, பிளாக் பேரன்ஸின் சீருடையில். எதிரணி மாண்ட்கோமரி. ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, வில்லி மேஸ் தன் 93-ஆம் வயதில் காலமான செய்தி அரங்கில் அறிவிக்கப்பட்டது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

இரண்டு நாள் கழித்து, ஜூன் 20-இல், அவருடைய ஜயன்ட்ஸும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸும் மோதின. முதல் பந்தை எறிந்தவர் 99 வயது பில் கிரீசன். 1948-இல் மேஸோடு ஆடிய பிளாக் பேரன்ஸ் பிட்சர், இவோ ஜீமா போரில் நின்ற மரீன் படை வீரர், 1954-இல் கார்டினல்ஸின் முதல் கறுப்பினப் பிட்சர், பிறகு பர்மிங்காமிலேயே போதகர். அன்றைய நடுவர்கள் அனைவருமே கறுப்பினத்தவர். நீக்ரோ லீக்குகளுக்கு வெளியே, மேஜர் லீக் வரலாற்றில் அதற்குமுன் அப்படி நடந்ததில்லை. 8,332 பேர் பார்க்க, கார்டினல்ஸ் 6-5 என்று வென்றது. எந்த நிறத்தவரும் எந்த இருக்கையிலும் இருந்தார்கள்.

ரிக்வுட்டின் முதல் மேஜர் லீக் ஆட்டம் என்று பல தலைப்புகள் அந்த நாளைக் கொண்டாடின. ஏட்டின்படியே அது தவறு. சாட்செல் பெய்ஜ் பந்தோடு மேட்டில் ஏறிய காலத்திலேயே மேஜர் லீக் அங்கே வந்துவிட்டது. வீட்டுக்கார பேரன்ஸ்தான் என்றும் மைனர் அணி. உச்ச நிலை ஆட்டம் வாடகைக்கு வந்த அணியுடையது. சில தலைமுறை மக்கள் தங்கள் கண்ணால் பார்த்து அறிந்திருந்த இதை, பதிவேடு ஏற்கத்தான் அத்தனை ஆண்டுகள் ஆயின.

ஏற்பும் இன்னும் முழுமையாகவில்லை. அந்த லீக் ஆட்டங்களின் பதிவுகளில் ஏறத்தாழ முக்கால் பங்குதான் இதுவரை கிடைத்திருக்கிறது. வெள்ளையர் நாளிதழ்கள் பல ஆட்டங்களின் ஸ்கோரைக்கூட அச்சிடவில்லை. கறுப்பின வார இதழ்களைப் புரட்டித்தான் ஆய்வாளர்கள் ஒவ்வொரு ஆட்டமாக மீட்டெடுக்கிறார்கள். களத்தின் புல்லுக்கும் டக்அவுட்டின் பூச்சுக்கும் பணம் செலவிட்டவர்கள், அந்த இதழ்களைத் தேடி எடுக்கவும் படியெடுக்கவும் அதே தாராளத்தோடு செலவிட வேண்டும். பைப்பர் டேவிஸும் ஆலையிலிருந்து வந்து ஆடிய அவருடைய தோழர்களும் ரிக்வுட்டில் அடித்த ஒவ்வோர் அடியும் ஏட்டில் ஏறும்வரை, அந்த மைதானத்தைப் புதுப்பிக்கும் வேலை முடிந்ததாகாது.